மரத்துக்கு ‘வுடன்’, கல்லுக்கு ஏன் ‘ஸ்டோனன்’ இல்லை? கடை அட்டை எழுத உதவி வேண்டும்

பாண்டிக் கடைக்காரி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பாண்டிச்சேரியில காந்தி வீதிப் பக்கம் ஒரு கைவினைப் பொருள் கடையில வேலை பார்க்கிறேன். டிசம்பர் சீசனுக்குள்ள எல்லாப் பொருளுக்கும் இங்கிலீஷ்ல சின்ன அட்டை எழுதி வைக்கணும்னு முதலாளியம்மா சொல்லியிருக்காங்க. பொருளோட பேரு, எதால செஞ்சது, விலை. ‘எதால செஞ்சது’ங்கற இடத்துலதான் பேனா நிக்குது.

மரச்செப்புக்கு வுடன் டாய்ஸ்னு போடறோம். கம்பளிச் சால்வைக்கு வூலன். அப்போ பருத்தித் துண்டுக்கு? வெறும் காட்டன்தான், காட்டனன்னு யாரும் சொல்றதில்ல. கல் விளக்குன்னா ஸ்டோன் லேம்ப். ஆனா பித்தளைக் குத்துவிளக்கு மேல முன்னாடி யாரோ எழுதி வச்ச அட்டையில ‘கோல்டன் லேம்ப்’னு இருக்கு. அதைப் படிச்சுட்டு ஒரு வெளிநாட்டு அம்மா, தங்க முலாம் பூசினதான்னு கேட்டாங்க. பித்தளைன்னு சொன்னதும் முகம் மாறிடுச்சு, விளக்கை வச்சுட்டுப் போயிட்டாங்க. விளக்கு நல்ல கனமான வார்ப்பு. அட்டைதான் வியாபாரத்தைக் கெடுத்துச்சு.

இன்னும் எழுத வேண்டியது: திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மை, வில்லியனூர் சுடுமண் குதிரை, பனை ஓலைப் பெட்டி, கையால செஞ்ச காகித நோட்டு, தேங்காய் எண்ணெய் சோப்பு, எவர்சில்வர் டம்ளர், ஜெர்மன் சில்வர் குங்குமச்சிமிழ், சிதம்பரம் கவரிங் வளையல், பீங்கான் கப்பு.

‘என்’ சேர்ற பொருளுக்கும் சேராத பொருளுக்கும் ஏதாவது கணக்கு இருக்கா? மேட் ஆஃப், மேட் ஃப்ரம், இதுல எது எங்க வரும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பரங்கிப்பேட்டை பையன்:

அக்கா, எல்லாத்துக்கும் மேட் ஆஃப்னு போட்டுட்டுப் பக்கத்துல பொருள் பேரை எழுதிடுங்க. மேட் ஆஃப் பிராஸ், மேட் ஆஃப் ஸ்டோன். யாரும் குறை சொல்ல மாட்டாங்க. சோப்புக்கு மட்டும் ஒத்து வருமான்னு எனக்குத் தெரியல.

கெடிலக்கரை வாத்தியார்:

அம்மா, கேள்வி மனசுக்கு நிறைவாக இருக்கிறது. பொருளின் மேல் எழுதும் சொல் சரியாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற கடையில் நம்பி வாங்கலாம். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன், பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

‘என்’ விகுதி சேர்த்து, இன்னதால் ஆனது என்று சொல்வது ஆங்கிலத்தின் மிகப் பழைய வழக்கம். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் அந்த நாட்டு மக்கள் கையில் புழங்கிய பொருள்களுக்கு ஏற்பட்டது அது. பொன்னுக்குக் கோல்டன், ஈயத்துக்கு லெடன், பித்தளைக்கு பிரேசன், மண்ணுக்கு எர்த்தன், தோலுக்கு லெதர்ன், ஓக் மரத்துக்கு ஓக்கன். நீங்கள் கேட்ட கல்லுக்கும் பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்டேனன்’ என்று ஒரு சொல் இருந்தது, பின்னால் வழக்கொழிந்து போனது. சணல் போலவே நார் தருகிற செடியான ஆளியை அவர்கள் ‘லின்’ என்றார்கள். அதனாலான துணி லினன். முதலில் அடைமொழியாக இருந்த அந்தச் சொல் பிறகு துணியின் பெயராகவே நின்றுவிட்டது. இன்று நாம் வாங்கும் லினன் சட்டையில் அந்தப் பழைய விகுதி ஒட்டிக்கொண்டிருப்பது பலருக்குத் தெரியாது.

வுடன் இவற்றுள் இளையது, 16ஆம் நூற்றாண்டில்தான் தலைகாட்டுகிறது. அதற்குப் பிறகு வந்த பொருள்களுக்கு இந்த விகுதி வேலை செய்யவில்லை. பிளாஸ்டிக், நைலான், அலுமினியம், கான்கிரீட் எல்லாமே பெயராகவே முன்னால் நிற்கின்றன. நம் பக்கத்திலிருந்து போன சொற்களும் அப்படித்தான். தேக்கு அங்கே டீக் ஆனது, கயிறு கொயர் ஆனது. ஓக்கன் செஸ்ட் என்று பழைய புத்தகங்களில் படிக்கலாம். டீக்கன் செஸ்ட் என்று எங்கும் கிடையாது, டீக் செஸ்ட்தான். எனவே நாமாக ‘என்’ சேர்த்து எதையும் உண்டாக்கக் கூடாது. உங்கள் கடையில் இருக்கிற பொருள்களுக்கு வுடன், வூலன் இரண்டும் போதும். மற்ற எல்லாவற்றுக்கும் பொருளின் பெயரை அப்படியே முன்னால் வையுங்கள்.

ஏன் கோல்டன் லேம்ப் அந்த அம்மாவைக் குழப்பியது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம் இலக்கணத்தை வைத்துச் சொன்னால் சட்டென்று விளங்கும். பொற்குடம் என்றால் பொன்னால் ஆகிய குடம். மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று பரீட்சையில் எழுதியிருப்பீர்கள். பொன்மேனி என்றால் பொன் போன்ற மேனி, அது உவமைத்தொகை. நமக்கு இரண்டிலும் ஒரே பொன்தான், இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் நாளடைவில் இந்த இரண்டும் இரண்டு வடிவமாகப் பிரிந்துவிட்டன. வேற்றுமைத்தொகையின் இடத்தை வெறும் பெயர்ச்சொல் பிடித்துக்கொண்டது: கோல்டு ரிங், சில்க் சாரி, லெட் பைப். விகுதி சேர்ந்த வடிவம் உவமையின் பக்கம் போய்விட்டது: கோல்டன் ஹேர், சில்கன் வாய்ஸ், மழை கட்டி நிற்கும் வானத்துக்கு லெடன் ஸ்கை. பிரேசன் இன்னும் தூரம் போய், வெட்கமில்லாத என்ற பொருளில் வந்து நிற்கிறது. உங்கள் குத்துவிளக்கின் மேல் அந்தச் சொல்லை மறந்தும் எழுதிவிடாதீர்கள். வுடனுக்கும்கூட நம் ‘மரம் மாதிரி நிக்கறான்’ என்கிற பொருள் உண்டு, ஆனால் பொம்மை, பெட்டி, நாற்காலிக்கு முன்னால் வந்தால் யாரும் மரம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

ஆகவே கோல்டன் லேம்ப் என்று படித்தவருக்குத் தங்க நிறம் என்றோ, முலாம் என்றோ தோன்றும். எழுத வேண்டியது பிராஸ் லேம்ப். பித்தளை என்பதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. செம்பும் துத்தநாகமும் கலந்த நல்ல உலோகம், வார்ப்புக்கு வாகானது. வெண்கலம் இருந்தால் அதற்கு பிரான்ஸ் (bronze) என்று தனியாக எழுதுங்கள், அது செம்பும் வெள்ளீயமும். விலை தெரிந்து வாங்குகிறவர்கள் இந்த இரண்டையும் பிரித்துத்தான் பார்ப்பார்கள்.

பொன் என்ற பெயர் பொன்னை விட்டு விலகிப் போவதற்கு நம் ஊர்ப் பக்கமே ஒரு சாட்சி உண்டு. 17ஆம் நூற்றாண்டில் தேவனாம்பட்டினத்தில் வணிகம் செய்த டச்சுக்காரர்களின் நாணயத்துக்கு கில்டர் என்று பெயர். அவர்கள் மொழியில் குல்டன், பொன்னாலானது என்று அர்த்தம், கோல்டனுக்கு உடன்பிறப்பு. முதலில் பொற்காசுக்கு வைத்த அந்தப் பெயர் பிறகு வெள்ளிக்காசுக்குப் போய், 2002இல் யூரோ புழக்கத்துக்கு வரும் வரைக்கும் நீடித்தது.

இதே கதைதான் உங்கள் எவர்சில்வரும் ஜெர்மன் சில்வரும். இரண்டிலும் வெள்ளி கிடையாது. எவர்சில்வர் என்பது நம் ஊர்ச் சொல், வெளிநாட்டார் வெள்ளி என்றே நினைத்துவிடக்கூடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டம்ளர் என்று எழுதுங்கள். ஜெர்மன் சில்வர் என்பது செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை. இந்தப் பெயரை வெளியிலும் அறிவார்கள், ஆனாலும் காப்பர், நிக்கல், ஜிங்க் அலாய் என்று கீழே ஒரு வரி சேர்த்தால் வாங்குகிறவர் வீட்டுக்குப் போய் மனவருத்தப்பட மாட்டார். கவரிங் என்ற சொல்லும் இங்கேதான் செல்லும். சிதம்பரம் கவரிங் என்று நமக்குப் பெருமையாகச் சொன்னால் போதும்; அட்டையில் கோல்டு ப்ளேட்டட் பேங்கிள்ஸ் என்று வர வேண்டும். அங்கே கோல்டுக்குப் பின்னால் ப்ளேட்டட் விட்டுப் போகக் கூடாது.

இனி மேட் ஆஃப், மேட் ஃப்ரம். மண்ணால் குடம் வனைந்தான், திரிகையால் குடம் வனைந்தான் என்று படித்திருப்பீர்கள். மண் முதற்கருவி, திரிகை துணைக்கருவி, நமக்கு இரண்டுக்கும் ‘ஆல்’ போதும். ஆங்கிலம் இதில் ரொம்பவே கணக்குப் பார்க்கும். செய்து முடித்த பிறகும் அந்தப் பொருள் அதுவாகவே தெரிந்தால் மேட் ஆஃப்: பெட்டியில் மரம் மரமாகவே இருக்கிறது. மூலப்பொருள் உருமாறி வேறொன்றாகிவிட்டால் மேட் ஃப்ரம். பல சரக்கில் ஒன்றைச் சிறப்பாகச் சொல்ல வேண்டுமானால் மேட் வித். உங்கள் கையால் செய்த காகித நோட்டு இதற்கு நல்ல உதாரணம். நம் பாண்டிச்சேரியில் பருத்தித் துணிக் கழிவை அரைத்துக் கூழாக்கிச் செய்கிறார்கள். தாளை வெளிச்சத்தில் பிடித்தால் இழைகள் மேகம்போல் திட்டுத்திட்டாகத் தெரியும், ஓரம் கத்திபட்ட நேர்கோடாக இல்லாமல் பிசிறாக இருக்கும். துணி அங்கே துணியாக இல்லை. அதனால் பேப்பர் மேட் ஃப்ரம் காட்டன் ராக்ஸ். சோப்பில் காரமும் வாசனையும் சேர்ந்திருப்பதால் மேட் வித் கோகனட் ஆயில். தம்பி சந்தேகப்பட்டது சரி.

வூலன் என்று எழுதும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். சால்வையின் ஓரத்திலிருந்து ஒரு நூலைப் பிய்த்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளியானால் தலைமுடி கருகும் வாசனை வரும், மிஞ்சுகிற கரியை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் ஆனால் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். கம்பளியாக இருந்தால் மட்டும் வூலன்.

குருசுக்குப்பம்:

வாத்தியார் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். எங்க வீட்டுல மூணு தலைமுறையா பிரெஞ்சு புழக்கம் உண்டு, உங்க கடைக்கு வர்றவங்கள்ல பிரெஞ்சுக்காரங்களும் நிறைய இருப்பாங்க. அவங்க மொழியில இந்த விகுதித் தொல்லை கிடையாது. பொருள் பேருக்கு முன்னாடி ‘ஆன்’ போட்டா முடிஞ்சது. மரம்னா ஆன் ப்வா, தங்கம்னா ஆன் ஓர். ஆனா பொற்காலத்துக்கு ஆஜ் தோர்னு வேற மாதிரி சொல்லுவாங்க. உவமைக்கு ஒரு வழி, பொருளுக்கு ஒரு வழின்னு வாத்தியார் சொன்னது அங்கயும் ஓரளவு ஓடுது.

திருக்கனூர் பொம்மைக்கு நீங்க மொழிபெயர்த்து மண்டைய உடைச்சுக்க வேண்டாம். பாப்பியே மாஷேங்கற பிரெஞ்சுச் சொல்லே இங்கிலீஷ்லயும் வழக்கத்துல இருக்கு. மென்ற காகிதம்னு அர்த்தம். காகிதக்கூழைப் பார்த்தா ஏன் அந்தப் பேருன்னு தெரியும். திருக்கனூர் காகிதக்கூழ் வேலைக்கும் வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. அதனால பொருளுக்கு முன்னாடி ஊர் பேரை அவசியம் எழுதுங்க. ‘திருக்கனூர் பாப்பியே மாஷே டால்’. எங்க பொம்மை, எங்க ஊர் கைன்னு தெரியட்டும்.

சுடுமண்:

களிமண்ணில் வேலை செய்கிறவன், அந்த ரெண்டு பொருளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வில்லியனூர் குதிரைக்கு எர்த்தன் ஹார்ஸ் வேண்டாம். எர்த்தன் என்றால் சுடாத மண் என்றும் எடுத்துக்கொள்வார்கள். மண் தரைக்கும் மண் அணைக்கும் எர்த்தன் என்றுதான் பேர். மண் குதிரையை நம்பி ஆத்துல இறங்கற கதை ஆகிவிடும். நம்ம குதிரை சூளையில் வெந்து வந்தது, தண்ணியில் கரையாது. டெரகோட்டா என்று எழுதுங்கள். இத்தாலிச் சொல், வெந்த மண் என்றே அர்த்தம்.

பீங்கான் கப்பு விஷயத்தில் கவனம் தேவை. நாம் பளபளவென்று மெருகு பூசியதை எல்லாம் பீங்கான் என்று சொல்லிவிடுவோம். இங்கிலீஷில் போர்ஸலின் என்றால் அது வெள்ளைக் களிமண்ணில் செய்த தனி ஜாதி. பாண்டிச்சேரி ஸ்டுடியோக்களில் கையால் வனைகிற கப்பு, தட்டு பெரும்பாலும் ஸ்டோன்வேர். ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் இங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டப் பட்டறையைத் தொடங்கிய பிறகு அந்த வேலை இந்த வட்டாரத்தில் பரவியது. பேரில் கல் இருந்தாலும் ஸ்டோன்வேரும் களிமண்தான். 1200 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சுடும்போது உள்ளே இறுகிக் கல் மாதிரி ஆகிவிடும், அதனால் அந்தப் பேர்.

எது எது என்று தெரியவில்லையா? கப்பைக் கவிழ்த்து, அடியில் மெருகு படாத வளையம் இருக்கும், அதில் ஒரு சொட்டுத் தண்ணி வையுங்கள். டெரகோட்டா மாதிரி குறைந்த சூட்டில் வெந்த மண் என்றால் சொட்டை உறிஞ்சி அந்த இடம் கறுத்துப் போகும். ஸ்டோன்வேரோ போர்ஸலினோ என்றால் சொட்டு அப்படியே மேலேயே நிற்கும், அதில் போர்ஸலின் மண் வெள்ளையாக இருக்கும். பார்த்தும் தெளியவில்லை என்றால் செராமிக் கப் என்று எழுதுங்கள், அது எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர், தப்பாகாது.

பாண்டிக் கடைக்காரி:

வாத்தியார் ஐயா, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. முதலாளியம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். கோல்டன் லேம்ப் அட்டையை அவங்களே எடுத்துட்டாங்க. கப்பு எல்லாத்தையும் கவிழ்த்துத் தண்ணி வச்சுப் பார்த்துட்டேன், சொட்டு நிக்குது, மண்ணும் வெள்ளையா இல்ல, ஸ்டோன்வேர்தான்.

இன்னும் ரெண்டு சந்தேகம். பனை ஓலைப் பெட்டி சின்னது, சிவப்பு. பழைய தேக்குப் பெட்டி ஒண்ணும் இருக்கு. இத்தனை சொல்லையும் எந்த வரிசையில எழுதறது? அப்புறம் ரெக்ஸின் பைக்கு ரெக்ஸின்னே போடலாமா? முன்னாடி இருந்த அட்டையில லெதர் பேக்னு இருக்கு.

கெடிலக்கரை வாத்தியார்:

எதால் ஆனது என்பதைச் சொல்லும் சொல் பொருளின் பெயரை ஒட்டியே நிற்கும், அம்மா. அளவு முன்னால், அடுத்து வயது, அடுத்து நிறம், அதன் பிறகு ஊர், கடைசியில் பொருள். ஸ்மால் ரெட் பாம் லீஃப் பாக்ஸ். லார்ஜ் ஓல்டு டீக் பாக்ஸ். டீக் ஓல்டு பாக்ஸ் என்று மாற்றினால் படிக்கிறவருக்கு இடறும். நாமும் ‘பழைய தேக்குப் பெட்டி’ என்கிறோம், ‘தேக்குப் பழைய பெட்டி’ என்று நம் வாயிலும் வராது. உங்கள் தமிழ்க் காது சொல்வதை இந்த இடத்தில் நம்பலாம்.

ஒன்று மட்டும்: அட்டையில் ஓல்டு என்று போட வேண்டுமானால் அது உண்மையிலேயே பழையதாக இருக்க வேண்டும். புதிதாகச் செய்து புகையேற்றி வைத்ததை ஓல்டு என்று எழுத முதலாளியம்மா சொன்னாலும் நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள்.

ரெக்ஸின் என்பது முதலில் இங்கிலாந்தில் ஒரு செயற்கைத் தோலுக்கு வைத்த வணிகப் பெயர். நம் ஊரில் பஸ் சீட் முதல் பள்ளிக்கூடப் பை வரைக்கும் நிலைத்துவிட்டது, வெளிநாட்டில் இன்று பலருக்குத் தெரியாது. ஃபோ லெதர் என்று எழுதுங்கள், பொய்த்தோல் என்று உடனே புரிந்துகொள்வார்கள். லெதர் பேக் என்ற அட்டையை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். விலங்கின் தோல் வேண்டாம் என்று கொள்கையாக இருப்பவர்கள் நிறைய பேர் உங்கள் ஊருக்கு வருகிறார்கள். அந்தப் பையை ஆசையாக வாங்கக்கூடியவர்களே லெதர் என்று படித்துவிட்டு ஒதுங்கிப் போவார்கள். தோல் என்று நம்பி வாங்கியவரோ மறுநாள் திருப்பிக்கொண்டு வருவார்.

அட்டைகளை எழுதி முடித்ததும் படம் எடுத்து இங்கே போடுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் பார்த்துச் சொல்கிறேன்.